ஈடு கட்டாத விசில்

ஜெசிந்தா மாஸ்டரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். ரெஃப்ரி பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இது விளங்கிவிடும். விளங்கியும் வேதமுத்து கேட்டான்.

"மாஸ்டர், ஒருத்தன் பெனால்டி பாக்ஸுக்குள்ள விழறான். நெஜமா விழறானா, நடிக்கிறானா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"விழுங்க," என்றார் மாஸ்டர்.

"நானா?"

"நீங்கதானே கேட்டீங்க."

மாஸ்டர் வேதமுத்துவைவிட மூன்று வயது இளையவர். பெரிய ஆட்டங்களில் விசில் ஊதிக்கொண்டிருந்தவர், முப்பதாவது வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஓடுவதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார். அவனை அவர் அண்ணே என்பார். அவன் அவரை மாஸ்டர் என்பான். பார்க்கிறவர்களுக்குத்தான் அது வேடிக்கை, அவர்கள் இருவருக்கும் பழகிப்போயிருந்தது.

வேதமுத்து ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறவன். நல்ல ஆகிருதி. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புல்லில் போட்டான். கூடப் படிக்கிறவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"இன்னொரு தடவை. பெனால்டி வேணும்னு நெனச்சுக்கிட்டு விழுங்க."

இந்த முறை கொஞ்சம் மனசு வைத்து விழுந்தான். "அம்மா" என்றுகூடக் கத்தினான். எழுந்து, சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, மறுபடி விழுவதற்காக நடந்தான். அப்போது மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் காலை நீட்டினார். வேதமுத்து தடுக்கிக் குப்புறப் போனான். விசில் கையிலிருந்து தெறித்தது. சட்டென்று எழுந்து விசிலைத் தேடினான்.

"இப்போ விழுந்தீங்களே, கை எங்க போச்சு?"

வேதமுத்து உள்ளங்கையைப் பார்த்தான். மண் அப்பியிருந்தது. "தரைக்கு."

"முந்தி விழுந்தப்போ?"

யோசித்தான். "மேலே."

"கண்ணு?"

"உங்களைப் பாத்துச்சு."

"இப்போ?"

"எதையும் பாக்கல மாஸ்டர். தரைதான் வந்துச்சு."

"விழுந்ததும் என்ன பண்ணீங்க?"

"எந்திரிச்சு விசிலைத் தேடினேன்."

"உருளலையே?"

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். வேதமுத்துவும் சிரித்தான். பெரிய ரகசியம் ஒன்று கைக்கு வந்துவிட்டதைப்போல அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷத்தில் இன்னொன்றும் கேட்டுவைத்தான்.

"பத்துப் பேர் சூழ்ந்துக்கிட்டுக் கத்தினா?"

மாஸ்டர் மற்றவர்களைப் பார்த்தார். "அண்ணன் இப்போ ஃபவுல் ஊதுவாரு. உங்களுக்குப் பிடிக்கல. என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க. ஆனா ஒரு விரல் அவர் மேல படக்கூடாது."

வேதமுத்து ஊதினான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பாய்ந்து வந்தார்கள். பயிற்சிதான், விளையாட்டுக்குத்தான். ஆனால் கத்தத் தொடங்கியதும் எல்லோர் முகமும் நிஜமாகவே மாறிப்போனது. அவன் குடும்பத்தை இழுத்தார்கள். கண்ணைப் பழித்தார்கள். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். வேதமுத்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, "தள்ளு, தள்ளு" என்றபடியே இருந்தான்.

மாஸ்டர் கை தட்டினார். சத்தம் நின்றது.

"அண்ணே, என் தண்ணி பாட்டில் எங்க இருக்கு?"

வேதமுத்து தேடினான். மைதானத்தின் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றது பாட்டில்.

"நீங்க ஊதின எடத்துல வெச்சேன்," என்றார் மாஸ்டர். "யாராவது தொட்டாங்களா?"

"இல்ல."

"தொடாமலே இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. அந்த நடிகன் தேவலை. அவன் நின்ன எடத்துலயாவது விழறான்."

வேதமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, பிடிவாதக்காரன்.

"சரி மாஸ்டர். எல்லாத்தையும் பாத்து, தப்பா ஊதிட்டா? அப்போ என்ன பண்றது?"

மாஸ்டர் பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

"முதல்ல தப்பு பண்ணுங்கண்ணே. அப்புறம் பேசலாம்."

அந்தத் தப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரம் வந்தது.

லீகின் கடைசி ஆட்டம். வடகரை அணிக்கும் கோட்டைமேடு அணிக்கும். கோட்டைமேடு ஜெயித்தால் அவர்களுக்குக் கோப்பை. வடகரை தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்கவேண்டியதுதான். இறங்கினால் ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு அடுத்த வருஷம் சம்பளம் கிடையாது.

ஊதப்போகிறவன் வேதமுத்து. அவனுக்கும் அது சாதாரண ஆட்டம் இல்லை. மேல் லீக் ரெஃப்ரிகளின் பேனலுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக எவரையும் எடுப்பதில்லை. அவனுக்கு முப்பத்தைந்து முடியப்போகிறது. அவன் ஊதுவதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஜெசிந்தா மாஸ்டரே கேலரியில் உட்கார்ந்திருந்தார். இதில் தேறினால் பேனல். தேறாவிட்டால் அந்தக் கதவை மறந்துவிடலாம்.

கோட்டைமேட்டுக்காரர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மேனேஜர் திட்டுவார், கேப்டன் கொஞ்சுவான். ஒவ்வொரு விசிலுக்கும் மேனேஜர் கோட்டோரம் வந்து, "ரெஃப்ரீ, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று அலறுவார். உடனே கேப்டன் ஓடிவந்து, "அவர் கெடக்காரு விடுங்க சார், உங்கள மாதிரி நேர்மையான ரெஃப்ரிய நான் பாத்ததே இல்ல," என்பான். திட்டாவது பரவாயில்லை என்று வேதமுத்துவுக்குத் தோன்றியது.

அவர்களுடைய ஃபார்வர்ட் டார்வின். ஆடத் தெரியாதவன் என்று சொன்னால் பாவம் பிடிக்கும். ஆனால் அவன் ஆட்டத்தில் பாதி புல்லின் மேல்தான் நடக்கும். முதல் பாதியிலேயே காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான், முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டான், யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் உருண்டான். வேதமுத்து ஒவ்வொரு முறையும் அவன் கையைப் பார்த்தான். கை மேலே போனது. ஊதவில்லை. கேலரியில் ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது.

முதல் பாதி முடியும் நேரம். டார்வின் பந்தோடு பாக்ஸுக்குள் நுழைந்தான். வடகரை டிஃபெண்டர் குறுக்கே வந்தான். டார்வின் விழுந்தான்.

இந்த முறை கை தரைக்குப் போனது.

வேதமுத்து விசிலை உதட்டில் வைத்தான். ஊதவில்லை. ஏதோ ஒன்று இடித்தது. கால் பட்டதா, படவில்லையா? அந்த ஒரு கணத்துக்குள் கேப்டனும் நாலு பேரும் கைகளை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். இந்த முறை கேப்டன் கொஞ்சவில்லை. "ஊதுய்யா! ஊது!" கேலரி முழுக்க எழுந்து நின்றது. மேனேஜர் கோட்டைத் தாண்டியே வந்துவிட்டார்.

வேதமுத்துவின் குதிகால் ஓர் அடி பின்னால் போனது. அதற்கப்புறம்தான் விசில் ஒலித்தது.

பெனால்டி.

வடகரையின் கேப்டன் எபினேசர் தலைதெறிக்க வந்தான். "யோவ், அவனே காலைக் கொண்டாந்து மாட்டினான்யா! கண்ணு முன்னாடி நடந்துச்சே!" பந்தை எடுத்துக் கேலரிக்கு உதைத்தான். வேதமுத்து மஞ்சள் அட்டையைக் காட்டினான். டார்வின் பெனால்டியை மூலையில் அடித்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து ஓடினான். காலில் நொண்டலின் சுவடுகூட இல்லை.

இடைவேளையில் ரெஃப்ரிகளின் அறைக்குள் நுழைந்ததும் சம்பந்தம் செல்போனை நீட்டினார். அன்றைக்கு நான்காவது நடுவர் அவர்தான். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர், கெட்டவர் இல்லை.

"கேலரி பூரா இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கு," என்றார்.

திரையில் டார்வின் ஓடினான். அவன் வலது கால் தனியாகப் பக்கவாட்டில் போய், டிஃபெண்டரின் காலைத் தேடிக் கொக்கி போட்டது. பிறகு விழுந்தான். கையைத் தரையில் ஊன்றி, அழகாக. அந்தப் பாடம் டார்வினுக்கும் தெரிந்திருந்தது.

வேதமுத்து அதை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான். அவமானமாக இருந்தது. இந்த லீகில் வீடியோ பார்த்துத் திருத்தும் வசதி கிடையாது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் ஊதியது ஊதியதுதான், ரெஃப்ரியே நினைத்தாலும் திருப்ப முடியாது.

"மூஞ்சியைத் தொங்கப்போடாத," என்றார் சம்பந்தம். "செகண்ட் ஹாஃப்ல வடகரைக்காரன் ஒருத்தன் பாக்ஸுக்குள்ள விழுவான். ஊதிடு. ஈடு கட்டிடலாம்."

"விழுந்தா போதுமா? ஃபவுல் இருக்க வேணாமா?"

"நீ வேற. விழுவான்னு சொல்றேன்ல. அவங்களுக்கும் தெரியும், நீ ஒண்ணு குடுக்கணும்னு. கோட்டைமேட்டுக்காரனுக்கும் தெரியும். சும்மா பேருக்குக் கத்திட்டுப் போயிடுவான்."

"மாஸ்டர் மேல உக்காந்திருக்காங்க."

"அவங்களும் விசில் ஊதினவங்கதான். புரிஞ்சுக்குவாங்க."

ஈடு கட்டுவது என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் விசிலைக் கழுத்தில் மாட்டிய எவரைக் கேட்டாலும் தெரியும். ஒரு பக்கம் தப்பாகக் கொடுத்துவிட்டால், மறுபக்கத்துக்கும் ஒன்றைத் தப்பாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவது. எல்லோருக்கும் திருப்தி. வேதமுத்துவுக்கும் அந்த யோசனை அப்போது தேனாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

இரண்டாம் பாதியில் கோட்டைமேடு ஆடவே இல்லை. த்ரோ எறியப் பந்தைத் துடைத்தார்கள். துடைத்த பந்தை இன்னொருத்தனிடம் கொடுத்தார்கள். கோல்கீப்பருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. டார்வினுக்கு இரண்டு காலிலும் மாறி மாறிச் சுளுக்கிக்கொண்டது. வடகரைக்காரர்கள் மூச்சு வாங்க ஓடிக்கொண்டே இருந்தார்கள். அவர்களைப் பார்க்காமல் இருக்க வேதமுத்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எபினேசர் பந்தோடு பாக்ஸுக்குள் வந்தான். எதிரே ஒரே டிஃபெண்டர். பந்தை அவனுக்கு அந்தப் பக்கம் தட்டிவிட்டு, அவனைக் கடந்து, விழுந்தான்.

கை மேலே போனது. உடம்பு தரையைத் தொடுவதற்கு முன்பே கண் வேதமுத்துவைத் தேடி வந்துவிட்டது. அந்தக் கண் கெஞ்சவில்லை. கொடு என்றது, அவ்வளவுதான்.

காதில் மாட்டியிருந்த கருவியில் சம்பந்தத்தின் குரல் கேட்டது. "இதான். ஊது."

வடகரை கேலரி எழுந்து நின்றது. கோட்டைமேட்டு கேப்டன் இடுப்பில் கைவைத்து நின்றான். வருவது வரட்டும் என்ற தோரணை. சம்பந்தம் சொன்னது சரிதான், இவன் பேருக்குத்தான் கத்தப்போகிறான்.

வேதமுத்து ஊதினான்.

மைதானமே அதிர்ந்தது. வடகரைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். ஒருவன் பந்தை எடுத்துப் பெனால்டி புள்ளியில் வைக்க ஓடினான்.

வேதமுத்து ஒரு கையை நேராக மேலே தூக்கினான். ஃப்ரீ கிக், கோட்டைமேட்டுக்கு. இன்னொரு கை பாக்கெட்டுக்குப் போனது.

"அட்டை வேணாம்டா," என்றார் காதில் சம்பந்தம். குரல் பதறியது. "அவனுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. விட்டுடு. கைய எடு!"

நடித்து விழுந்தால் மஞ்சள். இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. முதல் மஞ்சளை எபினேசர் வாங்கியது உண்மையைச் சொன்னதற்காக. அது வேதமுத்துவைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. கை ஒரு நொடி பாக்கெட்டிலேயே நின்றது. பிறகு மஞ்சளை எடுத்தான். காட்டினான். சிவப்பை எடுத்தான். காட்டினான்.

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. வடகரைக்காரர்கள் அத்தனை பேரும் அவனைச் சூழ்ந்தார்கள். நெஞ்சோடு நெஞ்சு வைத்து நின்றார்கள். முகத்தில் எச்சில் தெறித்தது. கேலரியிலிருந்து வந்த தண்ணீர் பாக்கெட் ஒன்று காதோரம் பட்டு உடைந்தது. வேதமுத்து கையை நீட்டவில்லை. தள்ளு என்றும் சொல்லவில்லை. இந்த முறை குதிகால் பின்னால் போகவில்லை. ஊதிய இடத்திலேயே நின்றது.

வடகரை ஒன்றுக்குப் பூஜ்யம் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார். "முன் கேட்டுல கூட்டம் நிக்குது. பின்னாடி ஜீப் இருக்கு, ஏறிக்கங்க."

"ஒரு அஞ்சு நிமிஷம் சார்," என்று சொல்லிவிட்டு வேதமுத்து நேராக வடகரையின் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனான். சம்பந்தம் தலையில் அடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்ததும் உள்ளே பேச்சு நின்றது. ஒருவன் பூட்ஸைக் கையில் எடுத்தான்.

"முதல் பெனால்டி என் தப்பு," என்றான் வேதமுத்து. "அது ஃபவுல் இல்ல. அறிக்கைலயும் அப்படித்தான் எழுதுவேன். மன்னிச்சிருங்க."

வடகரை மேனேஜர் எழுந்து வந்தார். வயதானவர், அழுதிருந்தார். "தெரியுதுல்ல? தெரிஞ்சும் ஒண்ணு குடுக்க ஒனக்கு மனசு வரலையா? எத்தனை பேர் சோத்துல மண்ணு விழுந்துச்சு தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"ரெண்டாவதும் ஃபவுல் இல்ல சார்."

பூட்ஸ் பறந்து வந்தது. தோளில் பட்டுக் கீழே விழுந்தது. வேதமுத்து நகரவில்லை.

மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எபினேசர் தலையைத் தூக்கினான். "அவன் விழுந்தப்போ பெனால்டி குடுத்த. நான் விழுந்தா குடுக்கல. எனக்கு நடிக்கத் தெரியலன்றியா?"

"நல்லாத்தான் நடிச்ச. அதுக்குள்ள நான் கத்துக்கிட்டேன்."

எபினேசர் அவனையே பார்த்தான். அடிப்பானோ என்றுகூட இருந்தது. பிறகு குனிந்து காலில் சுற்றிய டேப்பைப் பிரிக்கத் தொடங்கினான். "வெளிய போ," என்றான். குரலில் கோபம் குறைந்திருந்ததா என்று வேதமுத்துவால் சொல்ல முடியவில்லை.

மைதானம் காலியாகியிருந்தது. வேதமுத்து பாக்ஸின் ஓரத்தில், சிவப்பு அட்டை காட்டிய இடத்தில், புல்லில் உட்கார்ந்தான். மாஸ்டர் கேலரியிலிருந்து இறங்கி, முழங்காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து வந்தார். கையில் அதே தண்ணீர் பாட்டில்.

"டார்வின் கை தரைக்குப் போச்சு மாஸ்டர். அதுல ஏமாந்துட்டேன்."

மாஸ்டர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

வேதமுத்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "இல்ல. கையால ஏமாறல. ஊதறதுக்கு முன்னாடி ஒரு அடி பின்னாடி வெச்சேன்."

"பாத்தேன்."

"ரெண்டாவது?"

"அதையும் பாத்தேன்."

"பேனல்?"

"கிடையாதுண்ணே. அந்தப் பெனால்டிதான் ஆட்டத்தை முடிச்சுது. நான் வேற மாதிரி எழுத முடியாது."

தெரிந்த பதில்தான். இருந்தாலும் நெஞ்சில் நெருப்பாக இறங்கியது.

"ஈடு கட்டியிருந்தா?"

"கிடைச்சிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டாங்க."

"நீங்க?"

"நான் கேட்டிருப்பேன்."

முன் கேட்டுப் பக்கமிருந்து கூச்சல் வந்தது. அவன் பெயரைச் சொல்லித்தான் கத்தினார்கள். பின்பக்கம் ஜீப்பின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்து கையசைத்து அழைத்தார்.

வேதமுத்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "ஒரு டீமையே இறக்கிவிட்டுட்டேன் மாஸ்டர். உண்மையச் சொன்னவனை வெளிய அனுப்பினேன். எனக்கும் ஒண்ணுமில்லாமப் போச்சு. அன்னைக்கே கேட்டேன், நீங்க பதில் சொல்லல. தப்பா ஊதிட்டா என்ன பண்றது?"

"உருளாதீங்கண்ணே," என்றார் மாஸ்டர். "எந்திரிங்க. என் வண்டி முன் கேட்டுலதான் நிக்குது."